சொல்தா அண்ணனின் இரண்டாவது கராஜ்

போன வாரம் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு நண்பர், பழைய துணிப்பையில் ஒரு பிரெஞ்சுப் பத்திரத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் தாத்தா காலத்துப் பத்திரம். "கிணத்துக்குப் போற வழி எங்களுக்குச் சேர்ந்ததா, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சேர்ந்ததா, படிச்சுச் சொல்லுங்க" என்றார். படித்துச் சொன்னேன். அவர் போன பிறகு வெகுநேரம் எங்கள் வீட்டுக் கொல்லை வாசலில் உட்கார்ந்திருந்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பத்திரத்தை, இதே கூடத்தில் உட்கார்ந்து, இன்னொருவருக்குப் படித்துச் சொன்னது ஞாபகம் வந்தது. அதை இதுவரை இங்கே எழுதியதில்லை. எழுதாததற்குக் காரணம் இருந்தது. படித்தால் உங்களுக்கே தெரியும்.

எங்கள் வீடு புல்வாருக்கு வடக்கே. 1931-இல் ஒருவர் தன் தென்னந்தோப்பை ஆறு மனையாகப் பிரித்து விற்றார். மூன்று மனை எங்கள் தெருவைப் பார்த்தது, மூன்று மனை அடுத்த தெருவைப் பார்த்தது. இரண்டு வரிசைக்கும் நடுவில், கொல்லைப்பக்கம், ஒரு சந்து விட்டிருந்தார். கிழக்கே குறுக்குத் தெருவில் திறக்கும், மேற்கே முட்டுச் சுவர். என் தாத்தா நடு மனையை வாங்கினார். மேற்கே, சந்தின் கோடியில் இருக்கிற மனை சொல்தா அண்ணனின் அப்பாவுடையது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவர். இரண்டு பேரும் ஒரே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தோம். அவர் பாதியில் நிறுத்திவிட்டுப் பட்டாளத்துக்குப் போனார். நான் பிரெவே முடித்து, 1971-இல் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 2009-இல் குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றேன். நடுவில் பதவியின் பெயர் இரண்டு முறை நீளமானது, அவ்வளவுதான்.

பிரெஞ்சு படித்தவன் என்பதால் அலுவலகத்தில் எனக்கு ஒரு தனி உபயோகம் இருந்தது. கோப்புகள் எல்லாம் ஆங்கிலம். என் ஆங்கிலம் ஆரம்பத்தில் நொண்டி. ஆனால் பழைய பிரெஞ்சுப் பத்திரம், நொத்தேர் எழுதின சாசனம், மேரி ரிஜிஸ்தர் நகல் என்று எது வந்தாலும் "முசேயைக் கூப்பிடு" என்பார்கள். படித்து, ஒரு தாளில் சாரத்தை எழுதிக் கொடுப்பேன். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில் நான் மனசார செய்த வேலை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இனி கதைக்கு வருகிறேன். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது அண்ணன் வீட்டு முன்பக்கத்து கராஜில் தண்ணீர் ஏறி, அவருடைய மாருதி 800 சீட்டு வரை நனைந்துவிட்டது. பிள்ளை அதற்குப் பிறகு ஒரு இன்னோவா வாங்கி, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தான். மஞ்சள் நம்பர் பலகை. அந்த வண்டியைத் தெருவில் நிறுத்தினால் ஒரு நாள் கண்ணாடியை உடைக்கிறான், ஒரு நாள் ஆணியால் கீறுகிறான். அதனால் 2015-இல் அண்ணன், கொல்லைப்பக்கம் இருந்த பழைய மாட்டுக்கொட்டகையை இடித்துவிட்டு, சந்தைப் பார்த்த மாதிரி இரண்டாவது கராஜ் ஒன்று கட்டத் தொடங்கினார்.

தண்ணீர் பயத்தில் தரையை ஒன்றரை அடி உயர்த்தினார். உயர்த்திய தரைக்கு வண்டி ஏற வேண்டுமே? சந்துக்குள் நாலடி நீட்டி, சாக்கடையை மூடி, ஒரு சிமெண்ட் சரிவு போட்டார். இரட்டைக் கதவு, அதுவும் வெளியே சந்துக்குள் திறக்கிற மாதிரி. பிளான் அனுமதி வாங்கவில்லை. "சின்ன வேலைதானே சார்" என்று அவருடைய மேஸ்திரி சொன்னாராம்.

சரிவு போட்ட மறுநாளே சந்து கொதித்தது. முனை வீட்டு அம்மாவுக்கு, தினமும் தன் கொல்லைக் கதவை உரசிக்கொண்டு வேன் போகுமே என்ற கவலை. எதிர் வரிசை வாத்தியாருக்கு, பேரப்பிள்ளைகள் விளையாடும் இடம் போகுமே என்ற கவலை. பாங்க் சாருக்கு, சாக்கடை அடைத்தால் தண்ணீர் தன் வீட்டுக்குள் வருமே என்ற கவலை. ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர் இருந்தார். அவர், "இது குடியிருப்பு மண்டலம், வாடகை வண்டிக்கு ஷெட் போட்டா வியாபாரம் ஆகும், மண்டல விதிக்கு விரோதம்" என்று ஒரு பாயிண்டை எடுத்துக் கொடுத்தார். நாலு பேரும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்கள். "நீங்க ஆபீஸ்ல இருந்தவர். நல்லா ஒரு பெட்டிஷன் எழுதிக் குடுங்க" என்றார்கள்.

எழுதினேன். ஒரே மூச்சில் ஒன்றரைப் பக்கம், ஆங்கிலத்தில். "பொதுச் சந்தை ஆக்கிரமித்து" என்று தொடங்கி, 1969-ஆம் வருஷத்து நகர ஊரமைப்புச் சட்டம், 2012-ஆம் வருஷத்துக் கட்டட துணைவிதிகள், மண்டல ஒழுங்குமுறை எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்த்து எழுதினேன். ஐந்து கையெழுத்து. ஐந்தாவது கையெழுத்து என்னுடையது. பத்து நாளில் ஆள் வந்து வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெட்டிஷனை நான் அவ்வளவு சுறுசுறுப்பாக எழுதியது விதிகள் மேல் இருந்த பக்தியால் இல்லை. 1984-இல் எங்கள் கொல்லை வாசலில், சந்துக்குள் இரண்டடி நீட்டி இரண்டு படி கட்டினோம். படிக்குப் பக்கத்தில் ஒரு துணி துவைக்கிற கல். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது, வெயில் படுகிற இடமாக இருக்கட்டும் என்று என் மனைவிதான் கேட்டாள். அது நம் இடம் இல்லை என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, விட்டுவிட்டேன். அவள் 2010-இல் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கல்லில் யாரும் துணி துவைத்ததில்லை. வாஷிங் மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் அந்தப் படியில் உட்காருவது என் வழக்கமாகிவிட்டது.

சந்தின் அகலம் மூன்று மீட்டர், அதாவது பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. இன்னோவாவின் அகலம் கிட்டத்தட்ட ஆறடி. என் படியும் கல்லும் இருக்கிற இடத்தில் எட்டடிகூட மிச்சமில்லை. அண்ணன் வண்டி கோடிக்குப் போக வேண்டுமானால் என் படியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் "தம்பி, இந்தப் படியை எடுத்துடேன்" என்று கேட்பார். கேட்பதற்கு முன்னால் அவர் கராஜையே நிறுத்திவிட்டால்? இதுதான் என் மனதில் இருந்தது. பெட்டிஷனில் இது இல்லை.

இன்னொன்றும் இருந்தது. அது பொதுச் சந்து இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது தாத்தா தன் பத்திரத்தை எடுத்துக் கொடுத்து, "உன்னை பிரெஞ்சு படிக்க வெச்ச காசு வீணா போச்சா இல்லையான்னு பார்க்கலாம், படி" என்றார். திக்கித் திக்கிப் படித்தேன். அதில் சந்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அந்தப் பத்தி எனக்கு மறக்கவில்லை. மறந்த மாதிரி இருந்தேன்.

நோட்டீஸ் ஒட்டின பிறகு ஒரு வாரம் அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. எட்டாவது நாள் காலையில் வாசலில் நின்றார். கையில் ஒரு தகரக் குழாய்.

"தம்பி, இருக்கியா?"

"வாங்கண்ணே, உள்ள வாங்க."

உட்கார்ந்தார். காபி குடிக்கவில்லை. குழாயைத் திறந்து பத்திரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "எனக்கு பிரெஞ்சு பேச வரும். நொத்தேர் கையெழுத்து படிக்க வராது. பிள்ளைக்கு பிரெஞ்சே வராது. வக்கீல்கிட்ட போனேன், அவரும் மொழிபெயர்த்துக் கொண்டு வான்னு சொல்றாரு. இந்தத் தெருவுல படிக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன். நீதான் பெட்டிஷனும் எழுதினேன்னு தெரியும். இருந்தாலும் படி."

கோபமே இல்லாமல் சொன்னார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முத்திரைத்தாள் மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்திருந்தது. நொத்தேர் ஆபீஸ் குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்து. என் தாத்தா பத்திரமும் அதே கை. எல்லை, அளவு, விலை எல்லாம் தாண்டி, மூன்றாவது பக்கத்தில் அந்தப் பத்தி வந்தது. அதன் சாரம் இதுதான். நடுவில் விடப்பட்ட மூன்று மீட்டர் சந்து ஆறு மனைக்காரர்களுக்கும் பிரிக்க முடியாத பொதுச் சொத்து. ஆட்கள், கால்நடை, வண்டி எதுவும் இரவு பகலாகப் போகலாம், வரலாம். அதில் யாரும் எதையும் கட்டவோ, வைக்கவோ, அகலத்தைக் குறைக்கவோ கூடாது.

முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் சொல்லி நிறுத்தலாம். அண்ணன் சந்தோஷமாகப் போவார், என் படியும் பிழைக்கும். இல்லாவிட்டால், "தெளிவா இல்லண்ணே, கிழிஞ்சிருக்கு" என்று சொல்லியும் அனுப்பலாம். கிழிந்துதான் இருந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? இரண்டு நிமிஷம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருஷம் யார் யாருக்கோ படித்துச் சொன்னேன். ஒருநாளும் ஒரு வரியை விட்டுப் படித்ததில்லை. இவருக்கா விட்டுப் படிப்பது என்று தோன்றியது. முழுக்கப் படித்தேன். தமிழில் வரிக்கு வரி சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படின்னா என் சரிவு தப்பு" என்றார்.

"ஆமாண்ணே."

"உன் படி?"

"அதுவும் தப்புதான்."

"பெட்டிஷன்ல பொதுச் சந்துன்னு எழுதினியே?"

"அதுவும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம் சொல்கிறேன், வாசகர்களுக்குப் பயன்படும். 1819 முதல் நம் ஊரில் பிரெஞ்சு சிவில் சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தில் 691-ஆம் பிரிவு என்று ஒன்று. அடுத்தவன் நிலத்தின் வழியாக நடந்து போகிற உரிமை, எத்தனை வருஷம் நடந்தாலும், நடந்ததனால் மட்டும் வந்துவிடாது. பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். கோட்டக்குப்பம் தாண்டினால், அந்தப் பக்கம் ஆங்கிலேயர் போட்ட 1882-ஆம் வருஷத்துச் சட்டம். அதில் இருபது வருஷம் தடையில்லாமல், உரிமையோடு நடந்தால் வழி உரிமை கிடைக்கும். ஆகவேதான் நம் ஊர் நொத்தேர்கள் வழி, கிணறு, பொதுச்சுவர், கூரைத் தண்ணீர் விழும் இடம் எல்லாவற்றையும் பத்தி பத்தியாக எழுதி வைத்தார்கள். நாலு பக்கமும் அடைபட்டு, வழியே இல்லாத மனைக்கு மட்டும் 682-ஆம் பிரிவில் பக்கத்து நிலத்தின் வழியே பாதை கேட்கலாம், அதுவும் நஷ்ட ஈடு கொடுத்து. அண்ணன் வீட்டுக்கு முன் வாசல் இருக்கிறது, அந்தப் பிரிவு அவருக்கு உதவாது. அவருக்கு இருந்தது அந்தப் பத்தி ஒன்றுதான்.

பிறகு எப்படி எல்லோரும் அதைப் பொதுச் சந்து என்று நம்பினோம்? மறுநில அளவையின்போது கதாஸ்தர் எண், பைமாஷ் எண் எல்லாம் போய் ஆர்.எஸ். எண் வந்தது. வரைபடத்தில் அது வெறும் சந்து என்று ஆனது. பிறகு ஒரு சமயம் நகராட்சி சிமெண்ட் போட்டு, ஓரத்தில் சாக்கடையும் கட்டிக் கொடுத்தது. இலவசமாகச் சிமெண்ட் கிடைத்தது, நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி இரண்டாவது கடிதத்தை எழுதினேன். முதல் மனுவில் "பொதுச் சந்து" என்று எழுதியது தவறு, பத்திரத்தின்படி ஆறு வீட்டுக்கும் பொது, வண்டி போக உரிமை உண்டு, ஆனால் அதில் எதுவும் கட்டக்கூடாது, என் வீட்டுப் படியும் அந்த விதிக்கு மாறானது என்று எழுதி, பத்திரத்தின் நகலும் மொழிபெயர்ப்பும் இணைத்தேன். கொடுப்பதற்கு முன்னால் மற்ற நாலு பேரிடமும் காட்டினேன்.

முனை வீட்டு அம்மா, "நம்ம வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எதிர்வீட்டுக்குக் கோலம் போடற கதையா இருக்கே" என்றார். வாத்தியார் கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. பாங்க் சார், "சொல்தாகிட்ட என்ன சார் வாங்கினீங்க, பிரெஞ்சு சாராயமா?" என்றார். விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் வைத்துக்கொண்டேன். ஓவர்சியர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மொழிபெயர்ப்பை இரண்டு முறை படித்தார். "வழி உரிமை இருந்தா இருக்கட்டும் சார். ஆனா அந்த இடத்துல வண்டி திரும்பாது. நான் காட்டறேன் பாருங்க" என்றார்.

விசாரணை என்று கூப்பிட எட்டு மாதம் ஆனது. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் எங்கள் கோப்பு இரண்டு முறை காணாமல் போய், இரண்டு முறை கிடைத்தது. நானும் ஒரு காலத்தில் கோப்புகளுக்கு நடுவில் இருந்தவன்தான், வெளியே பெஞ்சில் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் ஒரு இளைய அதிகாரி, எங்கள் ஆறு பேரையும் உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"சார், நீங்க எல்லாரும் ரெண்டு கேள்வியை ஒண்ணாக் கலக்கறீங்க. சந்துல வண்டி போகலாமா கூடாதாங்கறது உங்க பத்திரத்து விஷயம். அதுல தகராறுன்னா கோர்ட்டுக்குப் போங்க. நான் முடிவு பண்ண முடியாது. அவர் இடத்துல அவர் கட்டற ஷெட் விதிப்படி இருக்கா, அதுதான் என் வேலை. உரிமை இருக்குன்னு அனுமதி இல்லாம கட்டக்கூடாது. அனுமதி குடுத்தேன்னா அதனால புதுசா வழி உரிமை வந்துடாது."

நாங்கள் எட்டு மாதம் சண்டை போட்டதை அவர் இரண்டு நிமிஷத்தில் பிரித்து வைத்தார். வாடகை வண்டி விஷயத்தையும் அப்படியே. வீட்டுக்காரர் தன் வண்டியைத் தன் வீட்டில் நிறுத்துவது வேறு, அங்கே டிராவல்ஸ் பலகை மாட்டி, நாலு வண்டி நிறுத்தி, ரிப்பேர் செய்வது வேறு என்றார். முதலாவதற்குத் தடை சொல்ல மாட்டேன், இரண்டாவது நடந்தால் சீல் வைப்பேன் என்றார். சரிவை எடுக்க வேண்டும், கதவு வெளியே திறக்கக்கூடாது, சாக்கடைக்கு மேல் எதுவும் நிரந்தரமாகக் கட்டக்கூடாது, திருத்திய பிளான் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓவர்சியர் சாக்பீஸோடு சந்தில் இறங்கினார். மனு போட்டவர்களில் ஒருவர், மனுவுக்கு ஆளானவருடைய கராஜை வரைந்து கொடுத்த அதிசயம் அன்று நடந்தது. வேலை பார்த்த கை சும்மா இருக்காது அல்லவா? பதினைந்தடி நீள வண்டி பத்தடிச் சந்திலிருந்து நேராக மடங்கி எட்டரை அடிக் கதவுக்குள் போகவே போகாது என்று கயிறு பிடித்துக் காட்டினார். கதவு சந்தின் ஓரத்தில் இருக்கக்கூடாது. ஐந்தடி உள்ளே தள்ள வேண்டும். கிழக்குப் பக்கத்துச் சுவரின் மூலையைச் சாய்வாக வெட்ட வேண்டும். அப்போது ஒரு தடவை முன்னே பின்னே எடுத்தால் வண்டி உள்ளே போய்விடும். தரையை ஒன்பது அங்குல உயரத்துக்கு இறக்கினால், அந்த ஐந்தடிக்குள்ளேயே சரிவும் அடங்கிவிடும், சந்தில் ஒரு அங்குலமும் வேண்டாம். கதவு பக்கவாட்டில் தள்ளுகிற கதவு. சாக்கடை மேல் தூக்கி எடுக்கிற மாதிரி இரும்புக் கம்பி மூடி.

அண்ணன் முகம் கறுத்தது. போட்ட தரையை உடைக்க வேண்டும், சுவரை வெட்ட வேண்டும், உள்ளே ஐந்தடி இடம் போகும். "இதுக்கு நான் முதல்லயே அனுமதி வாங்கியிருக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டே என் கொல்லை வாசல் வரை வந்தார். அங்கே நின்றார். என் படியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்கவே மாட்டார் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் நானே கொத்தனாரைக் கூப்பிட்டேன். அரை நாள் வேலை. இரண்டு படியும் பத்தே நிமிஷத்தில் உடைந்தன. முப்பது வருஷத்துச் சிமெண்ட், உள்ளே வெறும் செங்கல்லும் மணலும். கல்லைத்தான் அசைக்க முடியவில்லை. கொத்தனார், "உடைச்சுடட்டுமா அய்யா?" என்று சுத்தியலை எடுத்தார். வேண்டாம் என்றேன். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது போலிருக்கிறது. அண்ணன் பிள்ளை அவன் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். "சித்தப்பா, இருங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். கடப்பாறை போட்டு, கயிறு கட்டி, மூன்று பேருமாகக் கல்லைப் புரட்டி, எங்கள் வீட்டுக் கொல்லைக்குள் குழாயடியில் கொண்டு வந்து வைத்தார்கள். எந்தப் பக்கம் சாய்வு இருக்க வேண்டும் என்று கேட்டான். அவள் நின்று துவைக்கிற பக்கத்தைக் காட்டினேன். அந்தப் பக்கமே திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

படி இல்லாமல் கொல்லை வாசல் ஒன்றேகால் அடி உயரத்தில் அந்தரத்தில் நின்றது. உள்பக்கமாகத் தரையை வெட்டி, இரண்டு படி உள்ளேயே இறக்கிக்கொண்டேன். அதற்கு ஆன செலவு, வெளியே கட்டியதைப் போல மூன்று மடங்கு. ஆக, 1984-இல் மிச்சம் பிடித்ததை 2016-இல் வட்டியோடு கட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுடைய கராஜ் 2017 பொங்கலுக்கு முடிந்தது. முதல் நாள் இன்னோவா உள்ளே போனதை ஆறு வீட்டுக்காரர்களும் நின்று பார்த்தோம். ஓவர்சியர் கையைக் காட்ட, ஒரு தடவை முன்னே, ஒரு தடவை பின்னே, வண்டி உள்ளே போய்விட்டது. அண்ணி எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். முனை வீட்டு அம்மா வாங்கிக்கொண்டார். பாங்க் சார் வாங்கவில்லை. இன்றைக்கும் அவர் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார், பேச மாட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அவரைக் கையெழுத்துப் போட வைத்த மனுவை எழுதியவன் நான். பிறகு அது தப்பு என்று எழுதியவனும் நான். நடுவில் அவர் என்ன நினைப்பார்?

கொரோனா வந்த வருஷம் சுற்றுலா நின்றது. பிள்ளை வண்டியை விற்றுவிட்டு, பிரான்சில் இருக்கிற மாமன் வீட்டுக்குப் போய், அங்கேயே வேலை தேடிக்கொண்டான். இரண்டாவது கராஜில் இப்போது கார் இல்லை. ஒரு பழைய கட்டில், நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, அண்ணியின் ஊறுகாய் ஜாடிகள். அந்தக் கதவை ஐந்தடி உள்ளே தள்ளினோமே, அந்த முன்னிடத்தில் சாயங்காலம் காற்று நன்றாக வரும். அண்ணன் இரண்டு நாற்காலியை எடுத்துப் போடுவார். ஒன்று எனக்கு. சந்தில் வாத்தியாரின் பேரன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பந்து உள்ளே வந்தால் எடுத்துப் போடுவது எங்கள் வேலை.

ஒரு முறை அவரிடம் கேட்டேன். "அண்ணே, அன்னைக்கு நான் பாதி படிச்சு நிறுத்தியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"எனக்குப் பத்தி முழுக்க மனப்பாடம், தம்பி. எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு. படிக்கத்தான் வராது" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பிரெஞ்சுக் காலத்துப் பத்திரம் இருந்தால், படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே படிக்கச் சொல்லி, தமிழில் எழுதி, பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வழி, கிணறு, சுவர், தண்ணீர் விழும் இடம் ஆகிய நான்கும் எந்தப் பத்தியில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என் பள்ளித் தோழர்களில் அந்தக் கையெழுத்தைப் படிக்கிறவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, ஆனாலும் இன்னும் படிக்க முடிகிறது. கொண்டுவந்தால் முழுக்கப் படித்துச் சொல்கிறேன்.